வைக்கோல் தானாகப் பற்றாது

வைக்கோல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர் மூன்று இடத்தில் கைவைப்பார். முதலில் வயலில் கிடக்கும் வரிசையின் மேலே. பிறகு நடுவில், மணிக்கட்டு மறையும்வரை. கடைசியாக அடியில், மண்ணை ஒட்டி. அங்கிருந்து ஒரு பிடி உருவி, முறுக்கி, கன்னத்தில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். டிராக்டர் உறுமிக்கொண்டிருக்கும். என் தம்பி மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டிருப்பான்.

"இன்னாய்யா, போன்ல யாருகூடயாவது பேசறியா?"

"இருங்க சின்னவரே. இன்னும் லைன் கெடைக்கல."

எங்கள் நிலம் திருப்பாச்சூரைத் தாண்டி இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு தம்பிதான் பயிர்வைத்தான். நான் அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். நிலத்தில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு. வேலையில் ஒரு பங்கும் இருந்ததில்லை.

அவர் எங்கள் நிலத்தில் நாற்பது வருஷம் வேலை செய்தவர். காலனியில் வீடு. என்னைவிட மூன்று வயது சின்னவர். வாய்யா போய்யா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இங்கே "அவர்" என்று எழுதுகிறேனே, இந்த மரியாதையெல்லாம் பிற்பாடு வந்தது. போன ஆடியில் அவர் இறந்துவிட்டார்.

வைக்கோல் கட்டும் இயந்திரத்தைத் தம்பி ஆந்திரப் பக்கத்திலிருந்து வாங்கிவந்தான். எங்களுக்கு முன்பே மூன்று கை மாறியது. சிவப்புப் பெயின்ட் எது, துரு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அறுவடை வண்டி போனபின் வயலில் வரிசையாகக் கிடக்கும் வைக்கோலை அது பற்களால் வாரி உள்ளே இழுத்து, உருட்டி, கயிறு சுற்றி, உருளைக் கட்டாகப் பின்னால் தள்ளவேண்டும். எங்கள் இயந்திரம் பத்துக் கட்டுக்கு ஒருமுறை கயிற்றை அறுத்துக்கொள்ளும். பற்களில் பாதி, கட்டடக் கம்பியை வளைத்து அவரே வைத்தவை. தம்பி ஓட்டுவான், அவர் கூடவே நடப்பார். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

"மெஷினுக்கு ஜொரமா?" என்பான் தம்பி.

"லேசா கீது. பத்து நிமிசம் நெழல்ல நிக்கட்டும். அதுக்குள்ள நீங்களும் மோரு குடிச்சிட்டு வாங்க, உங்களுக்கும் ஏறிக்கினுதான் கீது."

சொன்னதை நம்புகிற ஆள் இல்லை அவர். யார் எதைச் சொன்னாலும், "சொன்னா ஆச்சா? தொட்டுப் பாத்தியா?" என்பார். கடையில் அரிசி வாங்கினால் மூட்டைக்குள் கையைவிடுவார். மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகு காதுமடலைப் பிடித்துப் பார்ப்பார். ஒருமுறை பம்ப்செட்டில் கோளாறு. கரண்ட்டை நிறுத்தியாகிவிட்டது என்று லைன்மேன் கம்பத்தடியிலிருந்து கத்தினான். இவர் பெட்டியின் மேல் புறங்கையை வைத்தார். நாலடி தள்ளிப்போய் வரப்பில் விழுந்தார். எழுந்து உட்கார்ந்து முதலில் சொன்னது, "நான் சொல்லல? பொய் சொல்றான் சார் அவன்."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அவர்தான் அதிகம் சிரித்தார்.

எங்கள் வாசல் குழாயை மட்டும் அவர் தொட்டதில்லை. ஆரம்பத்தில் என் மனைவி செம்பில் மொண்டு, குவித்த கையில் மேலிருந்து ஊற்றுவாள். பின்னாளில் மாட்டுத் தொழுவத்தில் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் மக்கு தொங்கியது. கையே கண்ணாக வாழ்ந்த மனிதர், அந்தக் குழாயிலிருந்து இரண்டடி தள்ளி நின்று தண்ணீர் கேட்பார். நான் அங்கேயே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன்.

எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தவர் ஒரே ஒரு விஷயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பினார். என் வார்த்தையை. அவருடைய ஒரே மகள் என்னிடம் படித்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். அது அவள் படித்து எடுத்தது. ஆனால் அவர், நான் எடுத்துக்கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டார். அதிலிருந்து ஆஸ்பத்திரி மாத்திரை அட்டையை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். "டாக்டரு சொன்னாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க சார், துன்றேன்."

எனக்கு மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாப்பிடு" என்பேன். சாப்பிடுவார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், தை அறுவடை. வண்டி வந்து அறுத்துவிட்டுப் போன மறுநாள் தம்பியின் சம்பந்தி பொதட்டூர்பேட்டையில் தவறிவிட்டார். தம்பி குடும்பத்தோடு போய்விட்டான். காரியம் முடிந்து வர நாலைந்து நாளாகும். போகும்போது, "வைக்கல மட்டும் பாத்துக்கண்ணா. வருசம் முழுக்க ஆறு மாடு துன்றது அது" என்றான். வாழ்நாளில் முதல்முறையாக நிலம் என் பொறுப்பில் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலை தொலைக்காட்சியில், கடலில் தாழ்வு நிலை, இரண்டு நாளில் மழை என்றார்கள். காலையில் வயலுக்குப் போனேன். அவர் ஏற்கெனவே கன்னத்தில் வைக்கோலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னிக்கே கட்டிடு" என்றேன்.

"உள்ள ஈரம் கீது சார். பனி எறங்கிக்கினே கீது. ரெண்டு வெயிலு காட்டணும்."

"மழை வருதுய்யா. நனைஞ்சா மொத்தமும் போயிடும்."

"மழ வரும்னு யாரு சொன்னது?"

"டி.வி.யில."

தொட்டுப் பார்த்தியா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார். என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த வைக்கோலைப் போட்டார். "நீங்க சொன்னா சரி சார்" என்று டிராக்டரில் ஏறினார்.

இரண்டு நாளில் நூற்றெண்பது கட்டு. அத்தனையையும் தொழுவத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் கூரை இடிக்கும்வரை அடுக்கவைத்தேன். கட்டுகள் பச்சை வாசம் அடித்தன. தூக்கியவர்கள் கனம் என்று முணுமுணுத்தார்கள். மழை வரவில்லை. ஒரு தூறல்கூட இல்லை. தம்பி திரும்பிவந்து கொட்டகையைப் பார்த்து, "நான் இல்லாமயே முடிச்சிட்டியேண்ணா!" என்றான். அறுபத்தாறு வயதில் அந்த ஒரு பாராட்டுக்காக நான் என்னென்ன செய்தேன் என்பதுதான் இனிமேல் வருவது.

அவர் எங்கிருந்தோ ஒரு நீளமான முறுக்குக் கம்பியைக் கொண்டுவந்தார். தினமும் காலையில் அதை அடுக்கின் நடுவில் குத்தி இறக்குவார். கொஞ்சநேரம் விட்டு, உருவி, முனையை உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பார். முதல் வாரம் இளஞ்சூடு. இரண்டாம் வாரம் கொஞ்சநேரம்தான் பிடித்திருக்க முடிந்தது. மூன்றாம் வாரம் பிடித்த கையை உதறினார். நேரே மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று கூப்பிட்டார்.

"சார், போர பிரிக்கணும். உள்ள கொதிக்குது. வெல்லம் காய்ச்சற வாசன வருது."

அந்த வாசனை என்னவென்று எனக்குத் தெரியும். ஈரத்தோடு இறுக்கி அடைத்த வைக்கோலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் சேரும். ஓரளவுக்கு மேல் போனால் தீக்குச்சி தேவையில்லை, அதுவாகப் பற்றும். மெதுவான ஆக்சிஜனேற்றம் என்று கரும்பலகையில் எழுதி வருஷாவருஷம் நடத்திய பாடம். அவருக்கு அது தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் வெட்டவெளியில் தளர்வாகப் போட்ட போர்கள். அவை ஈரமானால் கறுக்கும், பூஞ்சை பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், அவ்வளவுதான். இறுக்கிக் கட்டித் தகரத்துக்குள் அடைத்த வைக்கோல் எங்கள் ஊருக்கே புதிது. அவரிடம் கை இருந்தது. என்னிடம் பாடம் இருந்தது.

"இது எதுவரைக்கும் போவும் சார்?" என்று கேட்டார்.

பிரித்தால் தம்பி ஏன் என்று கேட்பான். ஈரத்தில் கட்டச் சொன்னது யார் என்பது வெளியே வரும்.

"அதுவா ஆறிடும்" என்றேன். "தம்பிகிட்ட இதச் சொல்லிக் கொழப்பாத. நான் சொல்லிக்கறேன்."

தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்கு நாலாம் நாள் மத்தியானம். இலையில் உட்கார்ந்திருந்தோம். தகரத்தின் இடுக்கிலிருந்து புகை நூலாக வந்தது. தம்பி ஓடிப்போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தான். காற்று பட்டதும் உள்ளே இருந்த அத்தனையும் ஒரே மூச்சில் எழுந்தது. தொழுவத்தின் ஓலைக்கூரைக்குத் தாவ நேரமாகவில்லை. காலனியிலிருந்து ஓடிவந்த அவர் அரிவாளோடு உள்ளே புகுந்து ஐந்து மாடுகளின் கயிற்றை அறுத்துத் துரத்தினார். சுவரோரம் கட்டியிருந்த சினைக் கிடேரியை எட்ட முடியவில்லை. ஏழு மாதச் சினை. அது கத்திய கத்தலைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

திருவள்ளூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து நீர் அடித்து முடித்தபோது ஊரே எங்கள் களத்தில் நின்றது. அவர் முன்கை இரண்டும் வெந்து தோல் உரிந்திருந்தது. காதில் வழக்கம்போல் ஒரு பீடி செருகியிருந்தது. அதைத் தம்பி பார்த்துவிட்டான்.

"நீதான கொட்டாய்க்குப் போய் வந்துக்கினே இருந்த? பீடியோட போனியா? சொல்லுடா, பீடியோட போனியா?"

"சத்தியமா அங்க புடிக்கல சின்னவரே. காலைல தெருவுல ஒண்ணு இழுத்தேன், அத்தோட சரி. வைக்கலு உள்ள கொதிச்சிக்கினு கெடந்தது. சாருக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அவர் பார்வையில் மன்றாடல் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கும் எண்ணமும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் முகம் அது. என் வகுப்பில் முப்பத்தொரு வருஷத்தில் அப்படிப்பட்ட முகத்தை நாலைந்துதான் பார்த்திருப்பேன்.

"சார், சூடு ஏறி ஏறித் தானா புடிச்சிக்குமா?"

"வைக்கோல் தானாப் பத்திக்காது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. காதிலிருந்த பீடியை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், யாரோ வைத்துவிட்டுப் போனதைப்போல. "அப்போ நான்தான் போலகீது" என்றார். "எனக்கே தெரியாம எங்கியாவது போட்டுட்டேன் போலகீது."

தம்பி அறைந்தான். இரண்டாம் முறை கை ஓங்கியபோது நான் பிடித்து நிறுத்தினேன். வாத்தியார் இல்லையென்றால் விஷயம் போலீஸ்வரை போயிருக்கும், நல்ல மனிதர், என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு என் காதுக்கு வந்தது. மறுக்கவில்லை.

கைக்கட்டோடு இரண்டு நாள் வந்து எரிந்த தகரத்தை அகற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை. மகள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலையாயிருந்தாள். அங்கே போய்விட்டார் என்று தெரிந்தது.

மூன்று வருஷம் கழித்துத் திருவள்ளூர் ரயில் நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஓடிவந்து கும்பிட்டாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றேன்.

"நைனா பீடிய உட்டுட்டாரு சார். ஆனா தூங்கறதில்ல. அடுப்ப அணைச்ச பின்னால போய்த் தொட்டுப் பாக்கறாரு. படுக்கறாரு, எழுந்து போய்த் திரும்பத் தொடறாரு. கம்பெனில கூட்டற வேல வாங்கிக் குடுத்தேன். அல்லா சுச்சு போர்டையும் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு, வேல முடியறதில்லன்னு அனுப்பிட்டாங்க. ஒரே பேஜாரு சார். கேட்டா, என் கைய நான் நம்பறதில்லம்மான்றாரு."

ரயில் வந்தது. ஏறிவிட்டேன். அதற்கப்புறம் அவரைப் போய்ப் பார்க்க எனக்கு இன்னும் நாலு வருஷம் பிடித்தது. உடம்பு சரியில்லை, மனைவி காலமானாள், பஸ் வசதி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்களை எழுதினால் இந்தப் பக்கங்கள் போதாது. ஒன்றும் உண்மையில்லை.

போன மாசியில் இரண்டு பஸ் மாறிப் போனேன். வரிசை வீடுகளில் கடைசி வீடு. அவர் கட்டிலில் படுத்திருந்தார், நுரையீரலில் நோய். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். மகள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் வீட்டுத் தண்ணீரை அன்றுதான் முதல்முறையாகக் குடித்தேன்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். "நீங்க ஒரு தப்பும் பண்ணல. ஈரத்துல கட்டச் சொன்னது நான். பிரிக்கணும்னு நீங்க சொன்னப்போ வேணாம்னது நான். வைக்கோல் தானாத்தான் பத்திக்கிச்சு. பத்தும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஊர் முன்னாடி நான் சொன்னது பொய்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். இருமலோடு கலந்த சிரிப்பு.

"இன்னா சார், வாங்க போங்கன்றீங்க? நான் பொழைக்க மாட்டேன்னு யாராவது சொன்னாங்களா?"

"நான் சொல்றது நெஜம்."

"நெஜமா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பீங்களே சார்."

"பயந்துட்டேன்."

"நீங்களா? யாருக்கு?"

"தம்பிக்கு."

"சின்னவரு உங்க எதிர்ல குந்தக்கூட மாட்டாரு. அவருக்கு நீங்க பயந்தீங்களா?" மகள் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? எம்மனசு நோவக்கூடாதுன்னு இம்மாந்தூரம் பஸ் ஏறி வந்து, பழிய தம்மேல போட்டுக்கினு பேசறாரு. இந்த மனுசன் மாதிரி யாரு இருப்பாங்க?"

நான் பாடத்தைச் சொன்னேன். ஈரம், காற்று, சூடு, எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வதுபோல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் என் முழங்காலில் கை வைத்தார். நாற்பது வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒருமுறைதான்.

"உடுங்க சார். எனக்கு ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. சின்னவரு இன்னும் எம்மேல கோவமாத்தான் இருப்பாரு. அந்தக் கிடேரி நெனப்பாவே கீது. நீங்க சொன்னா கேப்பாரு. மன்னிச்சிட்டேன்னு அவரு வாயால ஒரு வார்த்த வாங்கிக் குடுங்க."

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மகள் பஸ் நிறுத்தம்வரை வந்தாள். ஷிப்ட் முடிந்த பெண்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட நடந்துவந்தவள் திடீரென்று நின்றாள்.

"எனக்குத் தெரியும் சார். நீங்க நடத்துன பாடம்தானே. கம்பெனில தீ டிரெய்னிங் குடுத்தப்போ திரும்பவும் சொன்னாங்க. ஊட்டுக்கு வந்து நைனாகிட்ட போன்ல வீடியோவே போட்டுக் காட்டினேன். 'வாத்தியார விட உன் போனுக்கு ஜாஸ்தி தெரியுமா'ன்னு கத்துனாரு."

"என்னத் திட்டும்மா" என்றேன்.

"திட்டி இன்னா சார் ஆவும்? அன்னிக்கு நீங்க சொன்னத நம்பினாரு. இன்னிக்கு சொல்றத நம்பல. ரெண்டுமே உங்க மேல வெச்சிக்கற மரியாததான்."

பஸ் வந்தது. என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம், பெரியவரைப் பார்த்து இறக்கிவிடச் சொன்னாள்.

தம்பி பால் கறந்துகொண்டிருந்தான். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கறப்பதை நிறுத்தவில்லை. வாளி நிறைந்ததும் எழுந்து, அதை ஓரமாக வைத்து, கையைக் கழுவினான்.

"அடிச்சிட்டேனேண்ணா அவன" என்றான். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றான். கடைசியில், "போய் நான் சொன்னா மட்டும் நம்பப் போறானா? படிச்சவன் சொல்லியே நம்பல. அவன் கேட்டதக் குடுத்துடு. மன்னிச்சிட்டேன்னு சொல்லிடு" என்றான்.

ஒரு வாரம் பொறுத்துப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். தம்பி சொன்னதைச் சொன்னேன். "குடுக்கறேன் சார்" என்றாள். "அதையாவது கேக்கட்டும்."

போன் கை மாறியது.

"சார்?"

"தம்பி உன்ன மன்னிச்சிட்டான்" என்றேன்.

அவர் அழுவது கேட்டது. வாய்விட்டு, குழந்தைபோல. கையிலேயே போனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"நீங்க எடுத்துச் சொல்லித்தானே சார் மன்னிச்சாரு?"

"ஆமாம்" என்றேன்.